எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு மருத்துவமனையின் பேரியாட்ரிக், அதாவது எடைக் குறைப்பு ஆபரேஷன் பிரிவில் டயட்டீஷியன். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளிடம் அதிக நேரம் பேசுவது எங்களைப் போன்றவர்கள்தான். டாக்டர் முன்னால் கேட்கத் தயங்கிய கேள்வியெல்லாம் கடைசியில் எங்கள் மேஜைக்கு வந்துவிடும். அப்படி வந்தவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள்.

குண்டாக இருக்கும் எல்லாருக்கும் இந்த ஆபரேஷன் உண்டா?

இல்லை. முதலில் பிஎம்ஐ பார்ப்பார்கள். எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 90 கிலோ இருந்தால் 35ஐத் தொட்டுவிடுவார். 1991இல் அமெரிக்காவில் வகுத்த பழைய விதி, 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிபி மாதிரி ஏதாவது இருந்தால் என்றது. 2022இல் சர்வதேச அறுவை சிகிச்சை அமைப்புகள் அதைத் தளர்த்தி, 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம், சுகர் போன்ற நோய் இருந்தால் 30 முதலே யோசிக்கலாம் என்றன. ஆசியர்களுக்கு 27.5 முதலே என்றும் சேர்த்தன. நம்மவர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சுகர் வந்துவிடுவதுதான் காரணம். ஆனால் 27.5 என்பது வாசல்தான். அந்த எண்ணைத் தாண்டியதாலேயே கத்திக்குப் போக வேண்டியதில்லை. கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று வருபவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன், இது அதற்கான வழி இல்லை என்று.

லைப்போசக்ஷனும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது, உடல்வாகுக்காகச் செய்வது. அதனால் சுகரோ குறட்டையோ குறையாது.

வயிற்றுக்குள் என்னதான் செய்கிறார்கள்?

இன்று அதிகம் நடப்பது இரண்டு. ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி ஸ்டேப்பிள் போட்டு மூடுகிறார்கள். வெட்டி எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பாகத்தில்தான், அதனால் ஆரம்ப மாதங்களில் பசியே தெரியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்புறத்தில் சுமார் 30 மில்லி கொள்ளளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கீழே இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு வேறு வழியில் போவதால் குடல் ஹார்மோன்கள் மாறுகின்றன, எடை குறைவதற்கு முன்பே சுகர் இறங்க ஆரம்பித்துவிடும். இதிலேயே ஒரே ஒரு இணைப்போடு செய்யும் மினி பைபாஸும் நம் நாட்டில் நிறைய நடக்கிறது. எல்லாமே லேப்ராஸ்கோப்பி, சின்னத் துளைகள் வழியாகத்தான். துளை சின்னதாக இருப்பதால் உள்ளே நடப்பதும் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள், இது பெரிய ஆபரேஷன்.

செத்துப்போய்விடுவேனா?

எல்லாரும் கேட்க நினைத்து, வீட்டுக்காரர்கள் வெளியே போனதும் மெதுவாகக் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 4,700க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். நூற்றுக்கு நான்கு பேருக்கு ரத்தக் கட்டி, மறு ஆபரேஷன், நீண்ட நாள் ஆஸ்பத்திரி வாசம் என்று ஏதோ ஒரு பெரிய சிக்கல் வந்தது. இப்போது அனுபவமுள்ள இடங்களில் இறப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடிய அளவுதான்.

ஆனால் அந்த சராசரி உங்களுடைய எண் இல்லை. வயது கூடுதல், எடை மிக அதிகம், ஏற்கனவே காலில் ரத்தக் கட்டி வந்தவர், தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஸ்லீப் ஆப்னியா இருப்பவர், சிகரெட்டை விடாதவர் என்றால் ஆபத்து கூடும். செய்கிற இடத்தைப் பொறுத்தும் கூடும். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தது பெரிய செய்தியானது. அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் உரிமத்தை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. அந்த வாரம் எங்களிடம் தேதி வாங்கியிருந்தவர்களில் பலர் போன் செய்து பயந்து பேசினார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே செய்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு மூச்சு திணறினால் அங்கே ஐசியூவில் யார் இருப்பார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆபரேஷன் செய்யாமல் 130 கிலோவோடு, மூன்று மாத சராசரி சுகர் (ஹெச்பிஏ1சி) 10ல் நிற்க, குறட்டையோடு அடுத்த பத்து வருடத்தைத் தள்ளுவதிலும் ஆபத்து உண்டு. ஒரு நாளில் வராமல் மெதுவாக வருவதால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்து பயப்பட வேண்டும்?

இதை மட்டும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். ஸ்டேப்பிள் போட்ட இடத்தில் கசிவு வருவது நூற்றுக்கு ஒருவருக்கு என்ற அளவில்தான், ஆனால் தாமதித்தால் உயிர் போகும். பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும், வீட்டுக்குப் போய் ஒன்றிரண்டு வாரம் கழித்தும் வரலாம். எடை அதிகமானவர்களுக்கு வயிறு கல் மாதிரி இறுகாமலேயே உள்ளே கசியலாம், அதனால் வலியை மட்டும் நம்பாதீர்கள், நாடித்துடிப்பைப் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினால், கூடவே காய்ச்சலோ இடது தோள்பட்டை வலியோ, ஏதோ சரியில்லை என்ற பதற்றமோ இருந்தால் உடனே கிளம்புங்கள், ஆபரேஷன் செய்த இடத்துக்கே. பக்கத்து கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பினால் நேரம் வீணாகும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். இதைத் தடுக்கத்தான் ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க விடுகிறோம், திட்டினாலும் விடமாட்டோம்.

என்ன நன்மை கிடைக்கும்? உண்மையான அளவு என்ன?

ஸ்லீவில் மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு, பைபாஸில் 30 சதவீதம் வரை குறையும், சராசரியாக. 120 கிலோ உள்ளவர் 84லிருந்து 90க்குள் வந்து நிற்பார். எங்களிடம் வருபவர்களில் பலர் மனசுக்குள் 60 என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதை முதல் நாளே பேசித் தீர்த்துவிடுவது நல்லது. 30 கிலோ இறங்கினால் முழங்கால் வலி, குறட்டை, பிபி மாத்திரையின் எண்ணிக்கை, மாடி ஏறுவது எல்லாமே மாறும்.

ஆயுள் விஷயத்தில் சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வுதான் பெரிய சாட்சி. ஆபரேஷன் செய்த சுமார் இரண்டாயிரம் பேரையும் செய்யாத இரண்டாயிரம் பேரையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2020இல் வெளியான கணக்குப்படி, செய்தவர்களின் ஆயுள் செய்யாதவர்களைவிட சராசரியாக 3 வருடம் கூடுதல். ஆனாலும் ஊரில் உள்ள மற்றவர்களின் சராசரியை அவர்கள் எட்டவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

சுகர் அடியோடு போய்விடுமா?

போகலாம், போனது திரும்பியும் வரலாம். அதே சுவீடன் ஆய்வில் சுகர் இருந்தவர்களில் இரண்டு வருடம் கழித்து 72 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, 15 வருடத்தில் அது 30 சதவீதமாக இறங்கிவிட்டது. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வில், ஐந்து வருட முடிவில் மூன்று மாத சராசரி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. மருந்தைவிடப் பல மடங்கு மேல்தான், ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை. சுகர் வந்து சில வருடங்களே ஆனவர், இன்சுலின் போடாதவர் என்றால் வாய்ப்பு அதிகம். இருபது வருடமாக இன்சுலின் போடுபவருக்கு டோஸ் குறையும், அதுவே பெரிய லாபம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆபரேஷன் ஆன கையோடு சுகர் மடமடவென்று இறங்கும். பழைய சீட்டைப் பார்த்து கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ அதே அளவில் போட்டுக்கொண்டால் தாழ்நிலைக்குப் போய் மயங்கிவிடுவீர்கள். டாபாகிளிஃபுளோசின் வகை சுகர் மாத்திரையை ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும். அட்மிஷன் அன்று மாத்திரைப் பட்டைகளையே பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள்.

ஸ்லீவா, பைபாஸா?

நெஞ்செரிச்சல் உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறதா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். ஃபின்லாந்தில் இரண்டையும் பத்து வருடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் பைபாஸில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது. எடையும் பைபாஸில்தான் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. அதனால் எதுக்களிப்பு அதிகம் உள்ளவரிடம் எண்டோஸ்கோப்பிகூடப் பார்க்காமல் ஸ்லீவ் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். பைபாஸின் விலை வேறு. சத்துக் குறைபாடு அதிகம், இணைப்பில் புண் வரலாம், இனிப்பு சாப்பிட்டால் டம்பிங் வரும். அரை டம்ளர் பாயசம் குடித்த அரை மணி நேரத்துக்குள் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைக் கலக்கிக் கொண்டு போகும். புண்ணுக்குப் பெரிய காரணங்கள் சிகரெட்டும் வலி மாத்திரையும். முழங்கால் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் பைபாஸுக்குப் பிறகு கூடவே கூடாது.

ஊசி வந்துவிட்டதே, ஆபரேஷன் எதற்கு?

நியாயமான கேள்வி, 2025இல் எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்த பிறகு தினமும் கேட்கிறார்கள். ஆய்வுகளில் வெகோவியில் உள்ள செமாகுளுடைடில் சுமார் 15 சதவீதம், மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைடின் உச்ச டோஸில் சுமார் 20 சதவீதம் எடை குறைந்தது. பிஎம்ஐ 30ஐச் சுற்றி இருப்பவர்கள் இதை முதலில் முயல்வதில் எனக்கு முழுச் சம்மதம். சிக்கல் நிறுத்தும்போதுதான். செமாகுளுடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆக, வருடக் கணக்கில் போட முடியுமா, கைக்காசு தாங்குமா என்று பார்க்க வேண்டும். பிஎம்ஐ 45 உள்ளவருக்கு ஊசி மட்டும் போதுமா என்பது சந்தேகம். ஊசியால் கொஞ்சம் இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதும், ஆபரேஷனுக்குப் பின் ஏறியவர்களுக்கு ஊசி போடுவதும் உண்டு.

சாப்பாடு? இனி பிரியாணியே கிடையாதா?

உண்டு, ஆனால் அதுவரை பொறுமை வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் கல்லீரல் சுருங்குவதற்காக மாவுச்சத்து குறைந்த, பெரும்பாலும் திரவ உணவு. இதில் ஏமாற்றினால் உள்ளே கல்லீரல் மறைத்துக்கொண்டு டாக்டருக்குக் கை போகாது. ஆபரேஷனுக்குப் பிறகு, மருந்து ஊற்றும் 30 மில்லி கப் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவோம். தெளிந்த ரசம், மோர், இளநீர், பருப்புத் தண்ணீர் எதுவானாலும் அந்தக் கப்பில் ஒன்று, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, மடக் மடக்கென்று இல்லாமல் உறிஞ்சி. இரண்டு வாரம் கழித்து மசித்தது, அப்புறம் குழைந்தது, ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாடு, ஆனால் முன்பு சாப்பிட்டதில் கால்வாசி. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் பெரிய தலைவலி புரதம்தான். நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு, நூறு கிராம் வேகவைத்த சுண்டலில் எட்டு ஒன்பது. மூன்று வேளையும் இட்லியும் சாதமும் என்று இருந்தால் அந்தச் சின்ன வயிற்றில் புரதத்துக்கு இடமே இருக்காது. அதனால் தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், பருப்பு, அப்புறம் காய், கடைசியில்தான் சோறு. பிரியாணியில் கறியைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு ஸ்பூன் சோறு எடுத்துக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஆரம்பத்தில் புரதப் பொடி இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

சத்து மாத்திரை எத்தனை நாள்?

ஆயுள் முழுக்க. இதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஆபரேஷனே வேண்டாம், உண்மையாகச் சொல்கிறேன். மல்டிவைட்டமின், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். முதல் வருடம் எல்லாரும் ஒழுங்காகப் போடுகிறார்கள். மூன்றாவது வருடம், எடை நன்றாக இருக்கிறது, ஆளும் சுறுசுறுப்பு, இனி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் கை கால் மரத்துப்போய், ஹீமோகுளோபின் 7க்கு வந்து நிற்பார்கள். எனக்கு ஆபரேஷன் நாளைவிட இந்த மூன்றாவது வருடத்தைப் பற்றித்தான் கவலை அதிகம். வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இன்னொன்று, தொடர்ந்து சில நாள் வாந்தி எடுத்தால் வைட்டமின் பி1 தீர்ந்துபோய் கண் பார்வை, நடை, ஞாபகம் எல்லாம் பாதிக்கலாம். அப்போது வெறும் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது, தயமின் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். நீங்கள் பேரியாட்ரிக் நோயாளி என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

முடி கொட்டுமா? தோல் தொங்குமா?

கொட்டும், மூன்றாவது மாதம் போல ஆரம்பித்து, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் நின்று திரும்ப வளரும். தோல் கொஞ்சம் தொங்கத்தான் செய்யும், வயதானவர்களுக்குக் கூடுதலாக. வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் உண்டு, அதற்குத்தான் ஆறு மாதம் ஒரு மாத்திரை தருகிறார்கள்.

பெண்களுக்கு, குழந்தை பெற்றுக்கொள்வதில் பிரச்சினை வருமா?

பிசிஓடி உள்ள பலருக்கு எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகி, எதிர்பார்க்காத வேகத்தில் கரு தங்கிவிடுகிறது. ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது, உடம்பு கரைந்துகொண்டிருக்கும்போது குழந்தைக்குச் சத்து போதாது. பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை நம்ப வேண்டாம், வேறு முறை கேளுங்கள். அப்புறம், நம் ஊரில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து சுகர் பார்ப்பது வழக்கம். பைபாஸ் செய்த பெண் அதைக் குடித்தால் டம்பிங்கில் துவண்டுவிடுவாள். சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு வழியில் பார்ப்பார்கள்.

மறுபடி எடை ஏறுமா?

ஒன்றரை இரண்டு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். ஐந்து கிலோ ஏறியதும் வெட்கப்பட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி பக்கமே வராமல் இருப்பவர்கள்தான் இருபது கிலோ ஏறிய பிறகு வருகிறார்கள். நாங்கள் திட்ட மாட்டோம், வாருங்கள்.

மனசு பாதிக்குமா?

இதை ஆபரேஷனுக்கு முன்பு பேசவே பலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களிடம் மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது, ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் வந்த இறப்பு மட்டும் செய்யாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. சோறுதான் ஆறுதல் என்று வாழ்ந்தவருக்கு அந்த ஆறுதல் ஒரே நாளில் பறிபோகிறது. சிலருக்கு அந்த இடத்தில் குடி வந்து உட்காருகிறது. பைபாஸுக்குப் பிறகு சாராயம் வேகமாக ஏறும், கொஞ்சத்திலேயே போதை தலைக்குப் போகும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்காதீர்கள், அதனாலேயே ஆபரேஷன் மறுக்கப்படாது. பிறகு எப்போதாவது மனசு தாங்காமல் போனால் 14416க்குப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

செலவு, இன்சூரன்ஸ்?

தனியாரில் சில லட்சங்கள். அதோடு சத்து மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று வருடா வருடம் ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி பிஎம்ஐ 40, அல்லது 35 இருந்து கட்டுக்குள் வராத சுகர், இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா போன்றவை இருந்தால்தான் பாலிசியில் கேட்க முடியும். காத்திருப்புக் காலமும் இருக்கலாம். மருத்துவ விதிப்படி நீங்கள் தகுதியானவராக இருந்தும் பாலிசி விதிப்படி இல்லாமல் போகலாம், அதனால் முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் அட்மிஷன் போடாதீர்கள்.

டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

இந்த ஆபரேஷனை நீங்கள் வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், கசிவு வந்தவர்களை இங்கேயே சமாளித்தீர்களா, வேறு இடத்துக்கு அனுப்பினீர்களா? ஐசியூ, மயக்க மருந்து டாக்டர், இதய டாக்டர் எல்லாம் இங்கேயே உண்டா? என் உடம்புக்கு ஏன் இந்த வகை? ஐந்து வருடம் கழித்து என்னைத் தொடர்ந்து பார்ப்பது யார்? இவற்றைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்திலும், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்திலும் உங்கள் வயிற்றைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

அதுவும் சரியான முடிவாக இருக்கலாம். யாரும் உங்களைத் துரத்த வேண்டியதில்லை. ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். குறட்டை இருந்தால் ஸ்லீப் டெஸ்ட் எடுத்து, தேவைப்பட்டால் ராத்திரி முகமூடி மாட்டும் சிபேப் மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள். சுகர் டாக்டரிடம் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். கண் விழித்திரை, சிறுநீரகம், கால் பாதம் மூன்றையும் வருடத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சுகரும் பிபியும் கேட்கும். ஆறு மாதம் பார்த்துவிட்டு மனசு மாறினால் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், முதலிலிருந்து பேசலாம்.